நிப் மாற்றுவதற்கு முன்



மூடி கழற்றிய மைப் பேனா கைதவறினால், பாழாய்ப்போக, நிப் குத்தித்தான் விழும். எடுத்துப் பார்த்தால் முனை மடங்கியிருக்கும். இல்லையென்றால் நிப்பின் இரண்டு கால்களும் ஆளுக்கொரு திசை பார்க்கும். புதுப் பேனா என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தாத்தா காலத்துப் பேனா என்றால் மனசு கேட்காது. வேறு நிப் போட்டு எழுத வைக்க முடியுமா என்று தேடத் தொடங்குவோம். பழைய பேனாக்கள் பல, கீழே விழுந்ததில் கெடுவதைவிட, அதற்குப் பிறகு நாம் அவசரப்படுவதில்தான் அதிகம் கெடுகின்றன.

முதலில், நிப் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று போதும். நுனியில் பொடியாக ஒரு வெள்ளை மணி தெரியும். தங்க நிப்பாகவே இருந்தாலும் காகிதத்தில் ஓடுவது தங்கம் அல்ல, இந்த மணிதான். தங்கம் மென்மையானது, உரசினால் தேய்ந்துவிடும். அதனால் ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடினமான உலோகங்கள் சேர்ந்த கலவையை நுனியில் பற்றவைத்தார்கள். மணி பத்திரமாக இருந்து, கால் மட்டும் வளைந்திருந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். ஒரு கால் லேசாக ஏறியிருந்தால் நகத்தால் மெல்ல அழுத்தினாலே சமனாகிவிடும். மணி உடைந்திருந்தாலோ, நிப்பின் நடு ஓட்டையிலிருந்து விரிசல் ஓடியிருந்தாலோதான் வேறு நிப் தேட வேண்டும்.

அடுத்து, நிப்பை மாற்ற அந்தப் பேனா இடம் கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். தாராளமாக இடம் கொடுத்த பேனா ஒன்று உண்டு. அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் இருந்த எஸ்டர்புரூக் நிறுவனத்தின் பேனா அது. 1858-இல் தொடங்கிய இந்த நிறுவனம், மைக்கூட்டில் தொட்டெழுதும் கட்டைப் பேனாவுக்கு எஃகு நிப் செய்து பேர் வாங்கியது. நிப் தேயும், தேய்ந்தால் மாற்றுவார்கள் என்பது அவர்களுக்குத் தொழிலில் பழகிய சங்கதி. அதனால் பின்னாளில் மைப் பேனா செய்தபோதும், நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கறுப்பு நாக்கையும் ஒன்றாகப் பூட்டி, மரை போட்டு, திருகிக் கழற்றும்படி வைத்தார்கள். நிப்பைத் தனியாகவும் விற்றார்கள். ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்திருக்கும். 2668 எல்லோருக்குமான நடுத்தர எழுத்து. 9550 கணக்கு எழுதுகிறவர்களுக்கான மிக மெல்லிய எழுத்து. 1555 கிரெக் சுருக்கெழுத்துக்காரர்களுக்கு. 9-இல் தொடங்கும் நிப்பில் கடின மணி உண்டு. 1, 2-இல் தொடங்குபவற்றில் எஃகே நுனி.

இந்த நிப்பைக் கழற்றுவதற்கு, மையை வடித்துவிட்டு, பேனாவின் கழுத்து மட்டும் மூழ்கும்படி சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். மரையில் காய்ந்த மை கரைந்துவரும். காலையில், சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றால் நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து, கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருகுங்கள். வரவில்லையென்றால் மறுபடி ஊறட்டும். குறடு மட்டும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறானது 1941-இல் கடைக்கு வந்த பார்க்கர் 51. சீக்கிரம் உலரும் மைக்காக வடிவமைத்த பேனா என்பதால், நிப் காற்றில் காயாதபடி அதைக் கூட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். நுனி மட்டும்தான் வெளியே எட்டிப் பார்க்கும். கூட்டின் மரையை அரக்கு பூசி அடைத்திருப்பார்கள். இதமாகச் சூடு காட்டி அரக்கை இளக்கினால்தான் கூடு கழலும். திரும்பப் பூட்டும்போது நிப் இம்மி பிசகாமல் கூட்டின் முனைக்கு நேராக நிற்க வேண்டும். இதைக் கை பழகியவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

இரண்டுக்கும் நடுவே, நிப்பையும் நாக்கையும் கழுத்துக்குள் இறுக்கமாகச் செருகிய பேனாக்கள். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் கடைசல் பிடித்துச் செய்த எபோனைட் (கடின ரப்பர்) பேனாக்கள் பலவும் இந்த ரகம். நேராக இழுத்தால் வரும். ஆனால் அதே அளவில் வேறு நிப் வாங்கிச் செருகினாலும் சில சமயம் மை இறங்காது. குற்றம் புது நிப்பில் இருக்காது, நிப்புக்கும் நாக்குக்கும் இடையே விழுந்த சந்தில் இருக்கும். பேனாவுக்குள்ளிருந்து மை இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று ஏற வேண்டும். நாக்கில் வெட்டியிருக்கும் நுண்ணிய வாய்க்கால்கள்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்துகின்றன. அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியது இப்படியொரு நாக்குக்குத்தான். நிப் நாக்கோடு ஒட்டிப் படியாவிட்டால் மை பாதி வழியில் நின்றுவிடும். எபோனைட் நாக்கு சூட்டில் இளகும் என்பதால் இதற்கு வழி உண்டு. நிப் முனையை மட்டும் வெந்நீரில் சில நொடிகள் பிடித்து, இரண்டையும் சேர்த்து அழுத்தி, அப்படியே ஆறவிட்டால் படிந்துவிடும். பிளாஸ்டிக் நாக்கில் இந்த வித்தை பலிக்காது.

வெந்நீர் என்றதும் பேனாவையே முக்கிவிடாதீர்கள். பழைய கறுப்பு எபோனைட் தண்ணீரில் வெகுநேரம் ஊறினாலே பழுப்பேறிவிடும். செல்லுலாய்டு சூட்டில் கோணும். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். பேனா எதனால் செய்தது என்று தெரியாதவரை, குளிர்ந்த நீரில் நனைத்த துணிக்கு மேல் போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கழற்றிய நிப்பைக் குப்பையில் போடாதீர்கள். 14 காரட் நிப்பில் நூற்றுக்கு 58 பங்கு தங்கம் என்றாலும், தராசில் வைத்தால் அப்படியொன்றும் பெரிய காசு தேறாது. ஆனால் உடைந்த நுனியில் வேறு மணி பற்றவைத்துத் தரும் கைத்தேர்ச்சியுள்ளவர்கள் உலகில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அந்த வாய்ப்பை நாமே அடைத்துவிடக் கூடாது. புது நிப்போடு பேனா எழுதட்டும். பழைய நிப்பை ஒரு உறையில் போட்டு, எந்தப் பேனாவினுடையது என்று குறித்து வையுங்கள். பேனாவை யாருக்காவது கொடுத்தாலும் விற்றாலும், நிப் மாற்றியது என்பதைச் சொல்லி, உறையையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.