காளான் வாழும் இருவழி



ஈரமின்றிக் காளான் இல்லை என்பர். ஆயினும் மழைமிகுந்த கொழும்பிலும் வறண்ட அனுராதபுரத்திலும் அது முளைக்கின்றதே, எவ்வாறு? இருவழிகளைக் கூறுவேன்.

முதலாவது, பொறுத்திருத்தல். பட்ட கட்டைகளில் முளைக்கும் சைசோபில்லம் என்னும் சிறு வெண்காளான், வெயிலிற் சுருண்டு தன் அடிமடிப்புக்களை மூடிக்கொள்ளும். மழைபட்டதும் விரிந்து மீண்டும் வித்திகளை உதிர்க்கும். தென்துருவக் கண்டம் நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் அது பரவியிருப்பதற்கு இப்பண்பும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது, துணைதேடல். நம்மவர் விரும்பியுண்ணும் புற்றுக்காளான் கறையானின் வீட்டினுள் வாழ்கின்றது. கறையான் மென்று சேர்த்த தாவரச் சக்கையிற் பங்கசு வளர, அதனைக் கறையான் உண்கின்றது. வெளியே கடுங்கோடையாயினும் பெரும்புற்றினுள்ளே ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெப்பமும் ஈரமும் நிலைத்திருக்கும். மழை பெய்தபின்னரே காளான் தன் நீண்ட தண்டை மண்ணுக்குமேல் நீட்டும். ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் தொடங்கிய உறவு இது. இலங்கைப் புற்றுக்களின் பங்கசுக்களைப் பேராதனையிலிருந்து தொம் பெட்ச் என்பார் 1906ஆம் ஆண்டில் விவரித்தெழுதினார்.

துணையை நம்பி வாழ்வதில் ஆபத்தும் உண்டு. புற்றை இடித்தால் அதன் காளானும் இல்லை. புற்றுக்குப் பாலூற்றுதல் மூடநம்பிக்கை என நம்மிற் சிலர் நகைக்கலாம். ஆனால் அவ்வழக்கத்தாற் காக்கப்பட்டது நாகத்தின் இருப்பிடம் மட்டுமன்று. ஆதலின், ஊரிலுள்ள புற்றைத் தரைமட்டமாக்குமுன் வாலிபர் நாம் சற்றே யோசிப்போமாக. எம்மழையில் எக்காளான் முளைக்கும், எது உண்ணத்தகாதது என்பவற்றைப் பெரியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்போமாக.