சாவிக்கொத்து ஓர் அமானிதம்!

(இளைஞர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் தந்தையோடு என்னைத் தேடி வந்தார். சீருடைப் பணியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். "ஹஜ்ரத்! போலீஸ், ஜெயில், தீயணைப்பு மூன்றுக்கும் சேர்த்துத்தான் தேர்வு வைக்கிறார்கள். ஜெயில் வார்டர் வேலை கிடைத்தால் போகலாமா?" என்று கேட்டார். மளிகைக் கடை வைத்திருக்கும் தந்தை குறுக்கிட்டார். "நாலு பேர் கேட்டால், என் மகன் ஜெயிலில் இருக்கிறான் என்றா சொல்வேன்? பேசாமல் கடையில் உட்காரச் சொல்லுங்கள் ஹஜ்ரத்!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

என்ன வேலை அது?

விடியற்காலையில் பூட்டைத் திறந்து தலைகளை எண்ண வேண்டும். மாலையில் உள்ளே அனுப்பி மறுபடியும் எண்ணிப் பூட்ட வேண்டும். கணக்கில் ஒரு தலை குறைந்தாலும் எவரும் வீட்டுக்குப் போக முடியாது. இரவுப் பாராவில் கம்பிகளைத் தட்டிப் பார்த்து நடக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒரு சிறைக் காவலர் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், இப்போதும் தூங்கப் போகுமுன் என் வீட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன். பேரப் பிள்ளைகளை எண்ணிய பிறகுதான் தூக்கம் வருகிறது." கைதி தண்டனை முடிந்து வெளியே போய்விடுவான். காவலரோ பணிக்காலம் முழுவதும் அந்த மதிலுக்குள்தான். இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தண்டிப்பவர் யார்?

சகோதரர்களே! தண்டனை வழங்குவது நீதிமன்றம். காவலரின் வேலை காப்பது. சுதந்திரத்தை இழந்து நிற்பதே கைதிக்குத் தண்டனை. அதற்கு மேல் ஓர் அடி கொடுக்கவும் காவலருக்கு உரிமையில்லை.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா? 2022ஆம் ஆண்டு முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்! அதாவது நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே சொல்லப்படவில்லை. நாளை நிரபராதி என்று விடுதலையாகப் போகிறவனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான். யோசித்துப் பாருங்கள்!

ஒரு கடிதம் செய்த வேலை

டெல்லி திஹார் சிறையில் நடந்ததைக் கேளுங்கள். மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தனக்காக அவர் எழுதவில்லை. இன்னொரு கைதியைத் தலைமை வார்டர் ஒருவர் கொடூரமாகத் தாக்கிக் காயப்படுத்தினார் என்று எழுதினார். எதற்காகத் தாக்கினார்? கைதியைப் பார்க்க வரும் உறவினர்களிடமிருந்து பணம் கறப்பதற்காக! உச்சநீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. வழக்கறிஞர்களைச் சிறைக்கு அனுப்பி விசாரித்தது. 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். சிறை வாசலைத் தாண்டியதும் மனிதனின் அடிப்படை உரிமைகள் மறைந்துவிடுவதில்லை என்பது அதன் சாரம்.

அந்த வார்டர் பிறக்கும்போதே கொடியவராகப் பிறந்தாரா? இல்லை. பீடிக்கு ஐந்து ரூபாய், மனு பார்க்க வந்த தாயிடம் பத்து ரூபாய் என்றுதான் இந்தப் பாதை எவருக்கும் தொடங்குகிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் கையில் தடி இருந்தால் மனிதன் மாறிவிடுகிறான். கெட்ட பெயர் வரும் என்று தந்தை பயந்தார். நான் பயப்படுவது இந்த மாற்றத்துக்குத்தான்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே இதை அறிந்திருந்தது. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, சிறை அலுவலர் எவரும் கைதியோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்கிறது. 10ஆவது பிரிவு, சிறைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது என்கிறது. வணிகப் பெருமக்களே! இது உங்களுக்கும் பொருந்தும். சிறைக்கு அரிசி, பருப்பு டெண்டர் எடுப்பவர் உள்ளே இருப்பவருக்குப் 'பங்கு' கொடுத்தால், அந்தப் பங்கு கைதியின் தட்டிலிருந்துதான் குறையும்.

நல்லவர் ஒருவர் உள்ளே இருந்தால்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவைப் படியுங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தம் மீதான குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால், அவரைப் பிணையப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மற்றவருக்குப் பாதிக் காலம். மரணம், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது இல்லை. இதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது.

ஆனால் வக்கீல் வைக்க வழியில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் மூலையில் கிடக்கிறான் என்பது யாருக்கு முதலில் தெரியும்? தினமும் தலை எண்ணுகிற காவலருக்குத்தான்! அவர் தலையோடு சேர்த்து நாட்களையும் எண்ணி, "ஐயா, இவருக்குக் காலம் முடிந்துவிட்டது" என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும்.

நமக்கும் பங்கு உண்டு

புழல், வேலூர், கோவை சிறைகளின் சார்பில் நடக்கும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வேலை பார்க்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இடம் அது. உள்ளே இருக்கும்போது அரசாங்கம் நம்பிய அதே மனிதன் விடுதலையாகி உங்கள் கடை வாசலில் வேலை கேட்டு நின்றால், "ஜெயிலுக்குப் போனவனா?" என்று விரட்டுகிறோமே! வேலை கிடைக்காதவன் திரும்பவும் எங்கே போவான்? ஆளுக்கு ஒருவர் என்று வேலை கொடுத்துப் பாருங்கள்.

இறுதியாக, அந்தத் தந்தையிடம் நான் சொன்னேன்: "பாய், உங்கள் மகன் ஜெயிலில் இருக்கிறான் என்றே சொல்லுங்கள். அவன் இருப்பதால் அங்கே ஒரு தாய் காசு கொடுக்காமல் தன் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாது என்றால் கடையிலேயே உட்காரட்டும்."

தந்தை பதில் பேசவில்லை. மகன்தான் பேசினார்: "விண்ணப்பம் போடுகிறேன் ஹஜ்ரத்."

இளைஞர்களே! சாவிக்கொத்து கைக்கு வந்தால் அது அமானிதம். வாங்கும் முன் யோசியுங்கள். வாங்கிவிட்டால் காப்பாற்றுங்கள். வஸ்ஸலாம்.