ஹலால் மட்டும் போதுமா?



உண்பது ஹலாலா என்று பார்ப்பதில் நாம் பேணுதல் உள்ளவர்கள். ஆனால் அல்லாஹ், அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில் ஹலாலுடன் ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறான். தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். இந்த இரண்டாம் நிபந்தனையை நம் அடுக்களைகளில் கேட்பவர் யார்?

நபி (ஸல்) அவர்கள் சல்லடையையே கண்டதில்லை என ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அக்காலத்தவர் வாற்கோதுமையை அரைத்து, உமியை ஊதிவிட்டு, எஞ்சியதை நனைத்து உண்டார்கள். நாமோ தீட்டிய வெள்ளை அரிசியையும் மைதா பரோட்டாவையும் விரும்புகிறோம். தவிட்டோடு நார்ச்சத்தும் பி1 வைட்டமினும் பெருமளவு போய்விடுகின்றன.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. உணவு மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆயினும் உணவு நம் கையில் இருக்கிறது.

எனவே, கடைக்குச் செல்லும் ஆண்களே! சமைக்கும் பெண்கள் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்தாதீர்கள். நம் மண்ணில் விளையும் கம்பு, கேழ்வரகு, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றை நீங்களே வாங்கி வாருங்கள். கொல்லையில் ஒரு முருங்கை வையுங்கள். கேழ்வரகுக் களியைக் கண்டு பிள்ளைகள் முகம் சுளித்தால், முதல் கவளத்தை நீங்கள் உண்டு காட்டுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணி, ஹலாலையும் தய்யிபையும் ஒருசேர உண்ணும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.