பெயர் சொல்லும் கதையும் உதிரம் சொல்லும் கதையும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மனிதனுடைய பெயரைப் பற்றியது. காணி உறுதியிலும் கலியாணப் பதிவிலும் வழக்குத் தாளிலும் நின்று எமக்காகப் பேசுவது பெயர். ஊரிலே ஒரு முதியவர் எம்மைக் கண்டு, "ஆருடைய பிள்ளை?" என்று வினவுகின்றார். எமக்குப் பின்னால் நிற்கும் பெயர்களையே அவர் கேட்கின்றார். அந்தப் பெயர்கள் எங்கிருந்து புறப்பட்டன என்பதை முன்னர் ஏட்டைப் பார்த்துச் சொன்னார்கள். இன்றோ எச்சிலில் ஒரு துளியை எடுத்துச் சொல்கின்றார்கள். இந்த விஞ்ஞானம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அதனால் எமக்கு ஆகும் பயன் யாது, அபாயம் யாது என்பனவே இன்றைய விசாரணை.

முதலில் அதன் இயல்பைக் காண்போம். எமது உடம்பின் கலங்கள் பெரும்பாலானவற்றில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை தந்தை வழியும் தாய் வழியும் தலைமுறைதோறும் கலந்து கலந்து வருவன. ஆனால் "வை" என்னும் நிறமூர்த்தம் ஒன்று தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே, ஏறக்குறைய மாறாமல் இறங்குகின்றது. இழைமணி என்னும் உறுப்பில் உள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றது. அதை மேலும் கடத்துபவர்கள் பெண்மக்கள் மட்டுமே.

தேசவழமையை அறிந்த உங்களுக்கு இதனை விளக்குதல் எளிது. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்தச் சட்டத்திலே, தந்தை வழி வந்த முதுசம் ஆண்மக்களுக்கும், தாய் வழி வந்த சீதனம் பெண்மக்களுக்கும் சென்ற பழைய வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. வை நிறமூர்த்தம் உடம்பின் முதுசம், இழைமணியின் டி.என்.ஏ. உடம்பின் சீதனம். முதுசக் காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம். இந்த முதுசத்தை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது.

தலைமுறைகள் செல்லச் செல்ல அந்த நிறமூர்த்தத்தில் எங்கோ ஓரிடத்தில் சிறு விகாரம் நேரும். உறுதியை மீண்டும் மீண்டும் பிரதி செய்யும் எழுத்தாளன் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால், அப்பிழை அடுத்த பிரதியிலும் தொடரும் அல்லவா? அதுபோலவே இதுவும். இருவருடைய நிறமூர்த்தங்களை ஒப்பிட்டு, வேறுபாடு எத்துணை என்று எண்ணினால், அவர்களுக்குப் பொதுவான தந்தைவழி மூதாதை அண்மையில் வாழ்ந்தவனா, நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்தவனா என்று மதிப்பிடலாம்.

இனி, குடும்பப் பெயருக்கு வருவோம். இங்கிலாந்திலே 1066 இல் நோர்மானியர் வெற்றி கொண்ட பின்னரே பரம்பரைக் குடும்பப் பெயர் மெல்ல மெல்லப் பரவியது. ஒருவன் வாழ்ந்த இடம், செய்த தொழில், தந்தையின் பெயர், ஊரார் இட்ட பட்டப் பெயர் ஆகியவை நிலைத்துக் குடும்பப் பெயராயின. அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. வை நிறமூர்த்தமும் அவ்வாறே இறங்கியது. அப்படியானால் ஒரே பெயர் தாங்கியோர் ஒரே நிறமூர்த்தத்தையும் தாங்குவரா? இதுவே கேள்வி.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் இக்கேள்வியைத் தமது சொந்தப் பெயரிலேயே வைத்துப் பார்த்தார். சைக்ஸ் என்பது வட இங்கிலாந்தில், சிறப்பாக யோர்க்ஷயரில், சிற்றோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. சிற்றோடை எங்கும் உண்டு. ஆகவே அப்பெயரை வெவ்வேறு இடங்களிலே பலர் தனித்தனியே பூண்டிருப்பர் என்று கருதப்பட்டது. அவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், சைக்ஸ் என்னும் பெயருடைய 48 ஆண்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் ஒரே வகை நிறமூர்த்தம் உடையோராய் இருந்தனர். ஒரே சைக்ஸ் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தான், அவன் வழித்தோன்றல்களே இவர்கள் என்பது அவர் கண்ட முடிவு.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ருரி கிங், மார்க் ஜொப்ளிங் என்போர் இதனை விரித்தார்கள். 2006 இல் அவர்கள் ஒரே குடும்பப் பெயர் கொண்ட 150 சோடி ஆண்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு சோடிக்கு அண்மைக்கால மூதாதை ஒருவர் இருந்தமை புலப்பட்டது. 2009 இல் 40 குடும்பப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களை ஆராய்ந்து முடிவை உறுதிப்படுத்தினர். அரிதான பெயராயின் உறவு நெருக்கம். பரவலான பெயராயின் உறவு தளர்வு. ஸ்மித் என்பது கொல்லனைக் குறிக்கும் பெயர். கொல்லன் இல்லாத ஊர் இல்லை. ஆகவே இரண்டு ஸ்மித்துகள் தெருவில் எதிர்ப்பட்ட இரு அந்நியரைவிட நெருங்கியவர்கள் அல்லர்.

இங்கே ஒரு வினா எழும். ஒரே மூலபுருடனின் பெயரைத் தாங்கியோர் அனைவரும் ஏன் ஒத்திருப்பதில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைக்கு நூறு பேரில் இரண்டு பேர் மட்டுமே வேறு வழியில் அப்பெயரைப் பெற்றனர் என்று கொள்வோம். 25 தலைமுறை கழிந்தால் மூலநிறமூர்த்தம் தாங்குவோர் நூற்றுக்கு அறுபது அளவிலேயே எஞ்சுவர். இதனைக் கேட்டதும் சிலர் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவர். அது சிறுமை. தாயில்லாப் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தவர் உண்டு. விதவையை மணந்து அவள் பிள்ளைகளுக்குத் தன் பெயரை ஈந்தவர் உண்டு. மாமனின் ஆதனத்தோடு அவன் பெயரையும் ஏற்றவர் உண்டு. வளர்த்தவனும் தந்தையே என்பதை எந்த ஆய்வுகூடமும் அழித்துவிட முடியாது.

குலப்பெருமை பேசுவோர் அரச குலத்தையே பார்க்கட்டும். 2012 இல் லெஸ்டர் நகரின் வாகனத் தரிப்பிடமொன்றின் கீழிருந்து மன்னன் மூன்றாம் றிச்சர்ட்டின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. தாய்வழி உறவினர் இருவருடைய இழைமணி டி.என்.ஏ. எலும்புகளுக்குப் பொருந்தியது. தந்தைவழி உறவினரென ஏடுகள் காட்டிய ஐவருடைய நிறமூர்த்தமோ மன்னனுடையதோடு பொருந்தவில்லை. 2014 இல் இது வெளியாயிற்று. ஏட்டிலே அறாத கொடி உடம்பிலே எங்கோ அறுந்திருந்தது. அரசருக்கே இந்நிலையாயின் எமக்குத் தூய குருதி பற்றிய பேச்சு எதற்கு?

இன்னொன்று கேளுங்கள். 2007 இல் வெளியான ஆராய்ச்சியொன்றிலே, யோர்க்ஷயரைச் சேர்ந்த அரிதான பெயருடைய வெள்ளையர் ஒருவரிடம், முன்னர் மேற்கு ஆபிரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்த நிறமூர்த்த வகை காணப்பட்டது. அதே பெயருடைய 18 பேரைச் சோதித்தபோது 7 பேரிடம் அது இருந்தது. தம்மை அசல் ஆங்கிலேயர் என்று எண்ணி வாழ்ந்த குடும்பத்திலே எப்பொழுதோ ஓர் ஆபிரிக்கன் தந்தையாய் இருந்திருக்கின்றான்! நிறத்தை வைத்து மனிதனைப் பிரித்தவர்களின் ஆணவத்துக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

அன்பர்களே! இந்த விஞ்ஞானம் எளியவனுக்குச் சாட்சி சொன்ன வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மூன்றாம் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன், மனிதர் யாவரும் சமம் என்ற பிரகடனத்தை எழுதியவர். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய தோட்டத்தில் சலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண் இருந்தாள். அவளுடைய மகன் மடிசன் ஹெமிங்ஸ், 1873 இல் ஒகையோவில் வெளிவந்த பத்திரிகையொன்றிலே, தன் தந்தை ஜெபர்சனே என்று கூறினான். சரித்திராசிரியர் பலர் அதனை ஏற்கவில்லை. பெரியவர் குடும்பம் வேறு பெயர்களைச் சுட்டியது. அந்தச் சொல்லே நூலேறியது. அடிமையின் மகன் சொன்ன சொல் அந்தரத்தில் நின்றது.

1998 இல் ஜெபர்சனுடைய தந்தையின் சகோதரர் வழி வந்தோரின் நிறமூர்த்தத்தை, சலியின் இளைய மகன் எஸ்ரன் வழி வந்த ஒருவருடையதோடு ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தின. ஜெபர்சன் குடும்பம் சுட்டிய மருமக்களுடைய வழி பொருந்தவில்லை. இந்த எஸ்ரனே பிற்காலத்தில் ஜெபர்சன் என்பதைத் தன் குடும்பப் பெயராகப் பூண்டவன்! சோதனை மட்டும் தந்தை இன்னாரென்று தீர்த்துவிடாது. ஜெபர்சன் வழி ஆண்மகன் ஒருவன் என்பதையே அது காட்டும். காலக்குறிப்புகளையும் குடும்பச் சாட்சியத்தையும் அதனோடு சேர்த்து நோக்கியே, ஜெபர்சனின் இல்லத்தைப் பராமரிக்கும் மன்றம் 2000 ஆம் ஆண்டில் அவரே தந்தையாய் இருத்தல் பெரிதும் சாலும் என்று ஏற்றுக்கொண்டது. ஏடும் வேண்டும், உதிரமும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஆர்ஜென்ரீனாவை நோக்குங்கள். 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியிலே ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டனர். அவர்களின் குழந்தைகள் பறிக்கப்பட்டு வேறு குடும்பங்களிலே வேறு பெயரோடு வளர்க்கப்பட்டனர். பாட்டிமார் தெருவில் நின்று பேரப்பிள்ளைகளைக் கேட்டனர். அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளயர் கிங் துணை நின்றார். 1987 இல் சட்டப்படி ஒரு மரபணுக் களஞ்சியம் அமைந்தது. 2025 ஆம் ஆண்டு வரை 140 பேரப்பிள்ளைகள் தம் உண்மைப் பெயரை அறிந்துள்ளனர். பறிக்கப்பட்ட பெயரை மீட்டுத் தருவதே இந்த விஞ்ஞானத்தின் தலையாய பணி என்பேன்.

ஆனால் அபாயத்தையும் மறத்தலாகாது. ஒருவர் தம் எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பும்பொழுது, தம் சகோதரருடைய இரகசியத்தையும் இன்னும் பிறவாத பிள்ளைகளின் இரகசியத்தையும் சேர்த்தே அனுப்புகின்றார். "23அன்ட்மீ" என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 2023 இல் ஏறக்குறைய 69 இலட்சம் பேருடைய விபரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. கடை மூடும்போது கணக்குப் புத்தகம் யார் கைக்குப் போகும் என்று கேட்பது கமக்காரனுக்கும் தெரியும், சட்டத்தரணிக்கும் தெரியும்.

இனி எம் நிலை என்ன? எமக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர் பிள்ளையின் முன்னெழுத்தாய் நிற்கும். பேரனிடத்தில் அது மறையும். ஊருக்கு ஊர் கந்தசாமி உண்டு, செல்லையா உண்டு. ஆகவே சைக்ஸ் செய்த ஆராய்ச்சியை எம் பெயர்களில் வைத்துச் செய்தல் இயலாது. எனினும் கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய எம்மவரிடையே தந்தையின் பெயர் குடும்பப் பெயராய் உறைந்துவருகின்றது. அண்ணன் பிள்ளைகள் ஒரு பெயராலும் தம்பி பிள்ளைகள் வேறொரு பெயராலும் வழங்குகின்றனர். ஒரு பாட்டனின் பேரர்கள் இரு பெயர்க் குடும்பங்களாகின்றனர்; உறவற்ற பலர் ஒரே பெயர்க் குடும்பமாகின்றனர். இங்கிலாந்தில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது எம் கண்முன்னே நிகழ்கின்றது. இன்று எழுதி வையாவிட்டால் நாளை எம் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியார்.

ஏடுகளையோ நாம் பெரிதும் இழந்தோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. இடப்பெயர்வுகளிலே பெட்டகத்து உறுதிகளும் சாதகங்களும் அழிந்தன. எஞ்சியவற்றையாவது காப்போம். பாட்டன், பூட்டன், அவர்தம் மனைவியர் ஆகியோரின் பெயர், பிறந்த ஊர், காணியின் பெயர் என்பனவற்றை முதியோர் வாயிலிருந்து கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயரை விடாது எழுதுங்கள். சீதனமின்றி முதுசம் மட்டும் குடும்பமாகாது. சோதனை செய்ய விரும்புவோர் வீட்டாரோடு கலந்து பேசி, விபரம் யாரிடம் தங்கும் என்று அறிந்த பின்னரே செய்யுங்கள்.

இறுதியாக ஒன்று. பத்துத் தலைமுறைக்கு முன் எம்மில் ஒவ்வொருவருக்கும் மூதாதையர் இடங்கள் 1,024. வை நிறமூர்த்தம் அவற்றுள் ஓரிடத்தை மட்டுமே காட்டும். எஞ்சிய 1,023 இடங்களிலே எந்த ஊரார் இருந்தனர், எந்தச் சாதியார் இருந்தனர் என்று அது சொல்லாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு "யாம் உயர்ந்தோர், அவர் தாழ்ந்தோர்" என்று பேசுபவன் விஞ்ஞானத்தை அறிந்தவனல்லன், எண்ணவும் அறிந்தவனல்லன். பெயரைத் தேடுவோம், பெருமைக்காகவன்று. இழந்த உறவைக் கூட்டுவதற்காக.