பதினாறு டன்னும் ஐந்து விரலும்

(நமது சங்கத்தின் சென்ற ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



“ஏதாச்சும் டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா தூங்க வெச்சுடாதே” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். காலையிலிருந்து என்னோடு கை குலுக்கியவர்களில் நாலைந்து பேர் என் இடது கையைப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியதைக் கவனித்தேன். மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. நடுவிரல் கொஞ்சம் பருத்து, நிறம் மாறி இருக்கிறது. ஆகவே அதையே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். காரணம், விறகு பிளக்கும் இயந்திரம். முன் வரிசையிலேயே பவர் பிரஸ், ஹைட்ராலிக் பிரஸ் வைத்துத் தொழில் செய்யும் சீனியர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

நான் அப்போது குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினீயர். தேயிலையை வாட்டவும் உலர்த்தவும் சூடான காற்று வேண்டும். அதற்கு அடுப்பு எரிய வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். மலையில் யூகலிப்டஸும் சீகையும் வந்து குவியும். முன்பெல்லாம் கோடாலி. பிறகு ஹைட்ராலிக் இயந்திரம் வந்தது. அமைப்பு ரொம்ப எளிது. நீளமான ஒரு இரும்பு உத்தரம், ஒரு முனையில் ஆப்பு, மறு முனையில் சிலிண்டர். நடுவில் கட்டையை வைத்து லிவரைத் தள்ளினால் கட்டை ஆப்பில் போய் மோதிப் பிளந்துவிடும். இரண்டாம் ஆண்டு மாணவனே வரைந்துவிடுவான்.

எங்கள் இயந்திரத்தில் சிலிண்டரின் உள் விட்டம் 100 மில்லிமீட்டர், அழுத்தம் 200 பார். பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 16 டன் வரும். பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர். அப்படியானால் தள்ளுதட்டு நொடிக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். பார்த்தால் மெதுவான இயந்திரம். ஆமை மாதிரி வருகிறது, இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு விரலின் பருமன் ஒன்றரை சென்டிமீட்டர். அதைக் கடக்க அந்த ஆமைக்கு அரை நொடிகூட வேண்டாம். லிவர் பிடித்திருப்பவர் சத்தம் கேட்டு, புரிந்துகொண்டு, கையை விடுவதற்குள் வேலை முடிந்துவிடும். எண்ணெய் அழுத்தத்துக்கு, தான் தள்ளுவது கட்டையா எலும்பா என்று தெரியாது.

சரி, கை ஏன் அங்கே போகிறது? கட்டையின் முனை எப்போதும் நேராக அறுக்கப்பட்டு வருவதில்லை. சாய்வாக அறுத்த கட்டையைத் தள்ளுதட்டு தொட்டதும் அது புரளும், எழும்பும். ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். ஆகவே எல்லா இடத்திலும் இரண்டு ஆள் முறைதான்: ஒருவர் கட்டை பிடிப்பார், இன்னொருவர் லிவர் தள்ளுவார். கை ஒருவருடையது, லிவர் இன்னொருவர் கையில். இயந்திரத்தோடு வந்த ஏற்பாடே அதுதான். அன்றைக்குப் பிடிக்கும் ஆள் வரவில்லை, நான் பிடித்தேன். யாரோ கூப்பிட்டதில் லிவர்க்காரர் ஒரு கணம் திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. இன்றைக்கும் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து போகிறார். யார் தப்பு என்று விசாரித்தவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிக் கேட்டார்கள். வால்வை யாரும் கேட்கவில்லை.

முதலுதவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் ஊரில் பாதிக் கை போகிறது. காயத்தில் காப்பித்தூள் வைக்க ஒருவர் ஓடி வந்தார். மஞ்சள்தூள் வைக்க இன்னொருவர். நல்ல வேளையாக எங்கள் டிஸ்பென்சரி அம்மா இருவரையும் விரட்டிவிட்டார். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால் பெரும்பாலான ரத்தம் நின்றுவிடும். கயிறு, கம்பி போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். இப்படிக் குளிர்ச்சியாகக் கொண்டுபோனால் விரலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. முழங்கைக்கு மேலே துண்டானால் தசை அதிகம், அவ்வளவு நேரம் தாங்காது.

ஆனால் ஒன்று. கத்தியில் வெட்டுப்பட்ட விரலை ஒட்டுவது போல, நசுங்கிய விரலை ஒட்ட முடிவதில்லை. ரத்தக் குழாய் உள்ளேயே நெடுகக் கிழிந்திருக்கும். என் மோதிர விரலின் முன் பாதியைப் பையில் கட்டித்தான் மலை இறங்கினோம். கோயமுத்தூரில் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “ஒட்டினாலும் நிக்காதுங்க” என்று சொல்லிவிட்டார். நடுவிரலுக்குக் கம்பி போட்டு, ஒரு நரம்பைத் தைத்து, தோல் போன இடத்துக்குத் தொடை இடுக்குத் தோலை எடுத்துத் தைத்தார்கள். ‘எடுத்து’ என்றால் வெட்டி எடுக்கவில்லை. கையையே அங்கே கொண்டுபோய் வைத்துத் தைத்துவிட்டார்கள். மூன்று வாரம் இடது கை இடுப்பை விட்டு நகரக் கூடாது. புது ரத்த ஓட்டம் வந்த பிறகு பிரித்தார்கள். பார்க்க வந்த மாமா ஒருவர், “என்ன மாப்ளே, பாக்கெட்டுல பணம் பத்திரமா?” என்றார். வலியிலும் சிரித்தேன்.

கை அறுவைக்கு நம் மாநிலத்தில் ஒரு பரம்பரையே உண்டு. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, வேலை செய்ய வைத்தார். சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். அதனால் அறுவை சிகிச்சைக்கு நமக்குக் குறைவில்லை. குறை அதற்குப் பிறகுதான். தையல் பிரித்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குப் போய், கையைத் துண்டில் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டு மாதத்தில் விரல்கள் மரக்கட்டை.

எனக்குத் தெரபி பார்த்த அம்மா கண்டிப்பானவர். முதல் நாள் என் நடுவிரலின் நடு மூட்டு 15 டிகிரி மடங்கியது. கோணமானியை வைத்து அளந்து நோட்டில் எழுதினார். நமக்குத்தான் கிராஃப் போடாமல் இருக்க முடியாதே! நானும் ஒரு தாள் வாங்கி நாள்தோறும் புள்ளி வைத்தேன். முதல் மாதம் கோடு ஏறவே இல்லை; ஒரு வாரம் இறங்கியது. “வீக்கம் இருக்கற வரைக்கும் அப்படித்தான், கையைத் தூக்கி வைங்க” என்றார். சப்பாத்தி மாவை உருட்டிப் பிசைவது, துணி கிளிப்பைக் கிள்ளுவது, மடங்காத விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி மடக்குவது, தழும்பைத் தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, இப்படி ஒரு நாளைக்கு ஆறு வேளை. மோதிர விரலின் முனையில் பஞ்சு பட்டாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். அதற்கு வைத்தியம் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. முதலில் பஞ்சு, பிறகு கேழ்வரகு, அரிசி, துவரம்பருப்பு, கடைசியில் மணல் என்று கிண்ணங்களில் கையை விட்டு அளைய வேண்டும். “அந்த அரிசியைத் திரும்பப் பானையில கொட்டிடாதே” என்று அம்மா தினமும் எச்சரிப்பார்.

தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதுவும் உடனே கிளம்பாது. உணர்ச்சி வருவதற்குள் சூடான டம்ளரைப் பிடித்து இரண்டு முறை கொப்புளம். இல்லாத விரல் நுனி ராத்திரியில் அரிக்கும். சொறிய இடம் இருக்காது. குளிரில் அந்த இரண்டு விரலும் இன்றைக்கும் கடுக்கின்றன. மலையில் மார்கழி மாதத்தை உறை போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் வியர்த்தது பல மாதம். இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலாம் மாதம் வேட்டியை நானே இறுக்கிக் கட்டினேன். ஏழாம் மாதம் பைக் கிளட்சைப் பிடித்தேன். ஓராண்டில் பிடிப்பு வலிமை வலது கை 44 கிலோ, இடது 27. நடுவிரல் 80 டிகிரி. அங்கேயே கோடு நின்றுவிட்டது, போதும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு தம்பி, 22 வயது. பவர் பிரஸ். வலது கையில் கட்டைவிரல் தவிர நான்கும் போய்விட்டன. கட்டைவிரல் இருந்து என்ன பயன், எதிரே பிடிக்க ஒன்று வேண்டுமே! காலின் இரண்டாம் விரலை எடுத்துக் கையில் வைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். “கால்ல எடுத்தா நடக்க முடியுமாங்கண்ணா?” என்று என்னைத்தான் கேட்டான். முடியும், அந்த விரல் போனால் நடையில் பெரிய குறை வராது. வைத்தார்கள், இப்போது பேனா பிடிக்கிறான். ஆனால் அவன் அதைவிட அதிகமுறை கேட்ட கேள்வி வேறு: “நீங்க திரும்பப் போனா உங்க நாற்காலி இருக்கும். எனக்கு?” 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் நான்கு விரலுக்கு 50 சதவீதம், கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுவதற்கும் 14 என்று போட்டிருந்தார்கள். சம்பாதிக்கும் திறன் போனதன் கணக்காம். நடைமுறையில் அவனுக்குப் போனது நூறு. பழைய கம்பெனி கேட் காவலுக்கு வேண்டுமானால் வா என்றது. நம் சங்கத்து சீனியர் அண்ணன் ஒருவர்தான் இன்ஸ்பெக்‌ஷனில் எடுத்துக்கொண்டார். பெயர் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார். ஹைட் கேஜ் வைத்து அளக்க இரண்டு விரல் பிடிப்பே தாராளம். அந்த மாதிரி வேலை உங்கள் எல்லோர் ஷாப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

இயந்திரத்துக்கு வருகிறேன். ‘கை ஜாக்கிரதை’ போர்டு எங்கள் இயந்திரத்திலும் தொங்கியது. ஐரோப்பாவில் இ.என். 609 என்ற தரநிர்ணயம் விறகு பிளப்பானுக்கு இரு கைக் கட்டுப்பாடு கேட்கிறது. திரும்பி வேலைக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம் அதுதான். இரண்டு லிவர், நடுவே ஒரு குறுக்குச் சட்டம். ஒன்றை மட்டும் தள்ளினால் சட்டம் சாயும், வால்வு நகராது. இரண்டையும் தள்ளினால்தான் ஸ்பூல் போகும். கட்டை பிடிக்க ஆள் கிடையாது. பக்கத்துக்கு ஒரு வளைந்த தகடு, அதுவே பிடித்துக்கொள்ளும். முனையை நேராக அறுத்துத் தரச் சொல்லிவிட்டோம்.

“ஒரு லிவரை சைக்கிள் ட்யூப்ல கட்டிடுவானுங்களே?” என்று கேட்பீர்கள். கட்டுவார்கள், பிரஸ்களில் நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு லிவரை விட்டால் நிற்கும், இரண்டையும் விட்டால்தான் தள்ளுதட்டு பின்னால் போகும் என்று வைத்தேன். ஒன்றைக் கட்டிவிட்டால் முதல் கட்டையோடு இயந்திரம் அப்படியே நிற்கும். கட்டுவதில் லாபமில்லை என்றால் யாரும் கட்டமாட்டார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். முதல் வாரம் மேஸ்திரி முணுமுணுத்தார். அடுப்பு ஒருநாளும் அணையவில்லை.

செலவு பெரிதில்லை: தகடு, பின், ஸ்பிரிங், பழைய வால்வே போதும். பத்துப் படிகள் எடுத்து வந்திருக்கிறேன், வாசலில் பெயர்ப் பதிவு மேசையில் இருக்கின்றன. பிரஸ்ஸுக்கு அப்படியே பொருந்தாது, கிளட்ச் வகைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். உங்கள் இயந்திரத்தின் விவரத்தை எழுதிக் கொடுத்தால் நான் வந்து பார்க்கிறேன்.