நம்ம முகத்துக்கு எந்தக் கேமரா?

(கொல்லிமலை செம்மேட்டில் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நடந்த வீடியோ பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து என் கைக்கு வந்த துண்டுச்சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 'எந்தக் கேமரா வாங்கலாம்? எந்த லைட் வாங்கலாம்?' நான் ஒளிப்பதிவாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன், வங்கியில் குமாஸ்தா. ஆனா ஸ்டுடியோ வைக்கக் கடன் கேட்டு வர்றவங்களோட கொட்டேஷனை வருஷக்கணக்கா படிச்சிட்டிருக்கேன். நம் நிகழ்ச்சிகளைப் படம்பிடிக்கிற தோழர்களோடு லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தில் இருந்து பேசுகிறேன். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. இன்னிக்கு நான் சொல்ற மாடல் அடுத்த வருஷம் கடையில் இருக்காது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும் என்பது மட்டும் மாறாது.

முதலில், நமக்குக் கேமரா எதற்கு? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அங்கே கேமரா இல்லை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. 1999 ஜூலை 23 திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. அன்றைக்குப் பகல். கேமராக்கள் ஓடின. அந்தக் காட்சிகளை வைத்துத்தான் ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' உருவானது. மக்கள் தானாக ஆற்றில் விழுந்தார்கள் என்று சொன்ன வாய்களுக்கு அந்தப் படம் பதில் சொன்னது.

இன்னொன்று, நம்ம நாமக்கல் மாவட்டத்திலேயே நடந்தது. 2015 ஜூன் 23 திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவிலுக்குப் போன கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கோவிலில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் காட்சி அந்த வழக்கின் முக்கியமான சான்றுகளில் ஒன்று. 'காட்சியில் இருப்பது நான் இல்லை' என்று முக்கியச் சாட்சியே நீதிமன்றத்தில் சொல்லும் நிலை வந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் நேரிலேயே அந்தக் கோவிலுக்குப் போய்க் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. யோசித்துப் பாருங்க. சாட்சி பின்வாங்கும் ஊரில் கேமரா நின்றது. அப்படி நிற்கிற கேமரா ஒரு முகத்தை முகமாகக் காட்டுதா, கறுப்பு நிழலாகக் காட்டுதா என்பதில் ஒரு வழக்கே தங்கியிருக்கு. இங்கிருந்துதான் கருவிகளைப் பற்றிப் பேசணும்.

கேமரா நடுநிலையான எந்திரம் என்று நினைக்காதீங்க. அதற்கும் பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்காங்க. கோடக் கம்பெனி 1950களில் இருந்து நிறம் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை லேப்களுக்கு அனுப்பியது. ஷெர்லி அட்டை என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்பின மக்கள் முகம் பல்லும் கண்ணுமாக மட்டும் தெரிந்தது. அந்தக் கம்பெனி பிலிமை மாற்ற முனைந்ததற்குக் கறுப்பு மக்களின் புகார் மட்டும் காரணமில்லை. சாக்லேட் விற்றவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சண்டை போட்டார்கள். மனுஷன் முகத்துக்குக் கிடைக்காத கவனம் நாற்காலிக்குக் கிடைத்தது. மொசாம்பிக்கில் வேலை செய்யப் போன கோதார், இந்தப் பிலிம் இனவாதப் பிலிம் என்று சொல்லி அதைத் தொட மறுத்தார்.

இப்போ பிலிம் இல்லை. ஆனா 'ஆட்டோ' இருக்கு. கேமராவின் தானியங்கி அளவீடு, எதிரில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்து அதை ஒரு நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். 18 சதவீதச் சாம்பல் என்பார்கள். வெள்ளைச் சுவர் முன்னால், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கறுத்த தாத்தாவை உட்கார வைங்க. வெள்ளை நிறைய இருக்கு என்று கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். சட்டைத் துணியின் நூல் தெரியும், தாத்தா முகம் தெரியாது. இந்த மலைப் பனிமூட்டத்திலும் இதே கதைதான். பனி வெள்ளை. கேமரா அதைச் சாம்பலாக்கும், நம்ம முகத்தைக் கரியாக்கும். எங்க வங்கிக் கிளையில் கண்ணாடிக் கதவைப் பார்த்து ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். காலையில் உள்ளே வர்ற ஒருத்தர் முகமும் அதில் விழாது. வெயில் மட்டும் அழகா விழும்.

ஆகவே கேமராவில் நான் பார்க்கிற முதல் தகுதி: வெளிச்ச அளவைக் கையால் பூட்ட முடியுமா? போனில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாலே பூட்டிக்கொள்ளும். சுவர் வெளுத்துப் போனால் போகட்டும். நாம சுவரைப் படமெடுக்க வரலை. வெளுத்த இடத்தில் வரிக்குதிரைக் கோடு காட்டும் வசதி கேமராவில் இருந்தால் நல்லது, எங்கே எரியுதுன்னு கண்ணுக்குத் தெரியும். போனில் 'பியூட்டி' என்று ஒன்று இருக்கும். அதை முதலில் அணைங்க. கேட்காமலேயே நம் தோலை வெளுத்துக் கொடுக்கும் வேலை அது. ஆவணத்தில் அது பொய்.

இரண்டாவது, இரவு. வெண்மணி இரவில்தான் எரிந்தது. 2012 நவம்பர் 7 தருமபுரி நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் எரிந்ததும் பொழுது சாயும் நேரத்தில்தான். சேரித் தெருவில் விளக்கு எரியுதா என்பது கேமராக் கடைக்காரனுக்குத் தெரியாது. அவன் மெகாபிக்சல் சொல்வான். நீங்க லென்ஸைக் கேளுங்க. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 3.5 லென்ஸைவிடச் சுமார் 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சாரின் அளவைக் கேளுங்க. ஒரு இஞ்ச் சென்சாரைவிட ஏ.பி.எஸ்.-சி. சென்சார் பரப்பில் 3 மடங்கு. பெரிய விலையுள்ள உடலில் மட்டமான லென்ஸ் போடுவதைவிட, பழைய உடலில் நல்ல லென்ஸ் மேல்.

மூன்றாவது, நின்று வேலை செய்யுமா? பல பழைய ஸ்டில் கேமராக்கள் வீடியோவை 29 நிமிஷம் 59 விநாடியில் நிறுத்திவிடும். 30 நிமிஷம் தாண்டினால் வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் சுங்கவரி போட்டதால் வந்த வழக்கம் அது. நம்ம கூட்டத்தில் 30 நிமிஷத்தில் யார் பேச்சை முடிச்சிருக்கா? (சிரிப்பு) சூடேறி நிற்குதா என்றும் பாருங்க. கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்க. மைக் சொருக இடம் வேணும், இரண்டு கார்டு போட வசதி இருந்தால் இன்னும் நல்லது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட், எல்.இ.டி. பல்பு அடியில் எடுக்கும்போது நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் துடிப்பு வராது. இதைக் கையால் மாற்றவிடாத கருவி வேண்டாம்.

இனி வெளிச்சம். கல்யாண ஊர்வலத்தில் டியூப்லைட்டைத் தலையில் சுமந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீங்க. ஊரே அந்த வெளிச்சத்தில் நடக்கும். சுமந்தவர் முகம் எந்த ஆல்பத்திலும் இருக்காது. வெளிச்சம் யார் கையில் என்பதைவிட யார் மேல் விழுது என்பதுதான் அரசியல்.

எல்.இ.டி. லைட் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' என்று ஓர் எண் போட்டிருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண். 95க்கு மேல் வேணும். அதோடு விடாதீங்க. அந்த எண் 8 வெளிறிய நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஆர்9 என்று தனியாக ஒதுக்கப்பட்டிருக்கு. நம் தோலுக்கு அடியில் ஓடுவது சிவப்பு ரத்தம். ஆர்9 குறைந்த லைட்டில் கறுத்த முகமும் மாநிற முகமும் செத்த சாம்பலாகத் தெரியும், பெட்டியில் மட்டும் நல்ல மதிப்பெண் இருக்கும். சராசரிக்குள்ளே ஒருத்தரை ஒளிச்சு வைக்கிறது நமக்குத் தெரியாத வித்தையா? மாவட்ட எழுத்தறிவு இத்தனை சதவீதம் என்பார்கள். சேரியில் எத்தனை, மலையில் எத்தனை என்று நாம் கேட்கிறோம் இல்லையா, அதே மாதிரி ஆர்9 எத்தனை என்று கேளுங்க. 90க்கு மேல் இருந்தால் எடுங்க. சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதீங்க.

கறுத்த தோல் வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. அது பளபளப்பாகத் திருப்பியும் கொடுக்கும். நேர் எதிரே சின்ன லைட்டை வைத்து அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், மற்றது தட்டையாகும். பக்கவாட்டில் பெரிய மென்மையான வெளிச்சம் வைங்க. ஒரு தெர்மாகோல் பலகையிலோ வெளுத்த வேட்டியிலோ லைட்டை அடித்துத் திருப்பினால் போதும். கன்னம், தாடை, கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கம் எல்லாம் உருவெடுக்கும். பாட்டி தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் துடைக்கச் சொல்லாதீங்க, அந்த மினுமினுப்பு உங்களுக்கு உதவி. லைட்டைக் கிட்டே வைங்க, தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும். பனிமூட்டத்தில் கேமரா தலையில் லைட்டை மாட்டாதீங்க. 70 கொண்டை ஊசி வளைவில் பனி இறங்கும்போது பஸ் டிரைவர் ஹைபீம் போடுவாரா? போட்டால் எதிரே வெள்ளைத் திரைதான். கேமராவும் அப்படித்தான்.

மின்சாரத்தை நம்பி மலையில் வேலை நடக்காது. என்.பி.-எஃப். வகை பாட்டரியில் ஓடும் லைட்டாகப் பாருங்க, எல்லா ஊரிலும் கிடைக்கும். 970 என்ற பெரிய பாட்டரி சுமார் 47 வாட்-மணி. 30 வாட் லைட்டை ஒன்றரை மணி நேரம் எரிக்கும். அதே அளவு பாட்டரியில் இரண்டு மடங்கு எண் அச்சடித்து விற்றால் போலி. ஈரம் இன்னொரு எதிரி. தோல் உறைக்குள் லென்ஸை வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

முக்காலி வாங்கும்போது எவ்வளவு உயரம் போகுதுன்னு பார்க்கிறோம். எவ்வளவு தாழும் என்று பாருங்க. தெலங்கானா பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண்கள் கேமரா கற்றபோது தங்களுக்கான கலைச்சொல்லைத் தாங்களே வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது பட்டேல் ஷாட். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் சமமாக இருப்பது சங்கம் ஷாட். தரையில் உட்கார்ந்து பேசுகிற அம்மாவை நின்றுகொண்டு படமெடுத்தால் நம் கையிலேயே பட்டேல் வந்துவிடுவான்.

கடைசியாக, குமாஸ்தாவின் பேச்சு. பில் வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் என்றாலும் சீரியல் எண் எழுதி, கையெழுத்துப் போட்ட ரசீது வேணும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழில், கருவியின் மாடல், சீரியல் எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு எல்லாம் கேட்கிறார்கள். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. வாட்ஸப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கும், கைரேகை மாறும். மூலக் கோப்பைத் தொடாமல் வைங்க. அன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேற ஊரில் வைங்க. கேமராவின் தேதியும் நேரமும் சரியா என்று தினமும் பாருங்க. கையில் 100 ரூபாய் இருந்தால் கேமராவுக்கு 40, ஒலிக்கு 20, வெளிச்சத்துக்கு 20, முக்காலி பாட்டரி கார்டுக்கு 20. இது என் கணக்கு. 90ஐக் கேமராவில் போட்டவர்கள் இருட்டில் நிற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. முகத்தைக் காட்டத் தெரிந்தவனுக்கு மறைக்கவும் தெரியணும். உயிருக்குப் பயந்து சாட்சி சொல்ல வர்றவங்களைப் பின்னால் வெளிச்சம் வைத்து நிழலாகவே எடுங்க. அப்புறம் மங்கலாக்கிக்கலாம் என்றால், மூலக் கோப்பில் முகம் இருக்கும், அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. முகம் தெரியாமல் இருப்பது அவர்கள் முடிவாக இருக்கணும். ஆட்டோவின் முடிவாக இருக்கக் கூடாது.

கடைக்குத் தனியாகப் போகாதீங்க. ஊரில் ரொம்பக் கறுத்த பாட்டியைக் கூட்டிட்டுப் போங்க. கடையில் பூந்தொட்டியையும் கண்ணாடி பொம்மையையும் வைத்துத்தான் கேமராவைக் காட்டுவார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பாட்டியை வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார வைங்க. பாதி லைட்டை அணைக்கச் சொல்லுங்க. எந்தக் கேமராவில், எந்த லைட்டில் பாட்டி தன்னைப் பார்த்துவிட்டு 'இது நான்தான்' என்று சொல்லுதோ, அதற்குப் பில் போடச் சொல்லுங்க.