கட்டம் இல்லாத பேர்கள்

(நாகர்கோவிலில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டேட்டாபேஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் சொல்லப்போறதுல முதல் பகுதி தெரிஞ்சதுதான், பொறுத்துக்குங்க. 1970இல் ஐபிஎம் கம்பெனியில் வேலை பார்த்த காட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். தகவலை அட்டவணையாகப் போடு. ஆளுக்கு ஒரு வரி, விவரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு வரிக்கும் வேறெந்த வரிக்கும் இல்லாத ஓர் அடையாளம், அதைச் 'சாவி' என்பார்கள். அந்தச் சாவியை வைத்து ஓர் அட்டவணையை இன்னொன்றோடு கோத்துக்கொள். சாரம் இவ்வளவுதான். ரயில் டிக்கெட், வங்கி, சாதிச் சான்றிதழ் எல்லாத்துக்கும் அடியில பெரும்பாலும் இதுதான் ஓடுது.

இதுல நமக்கு இருக்கிற கேள்வி, கட்டம் போடறது யாரு? போடாத கட்டத்தை எந்த மெஷினும் தேடித் தராது.

நம்ம மாவட்டத்தையே பாருங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அங்கே எஸ்.சி. பட்டியல் வேற, சென்னை மாநிலத்தில் வேற. ரெண்டையும் ஒட்டின தையல் இன்னும் தெரியுது. தமிழ்நாட்டு எஸ்.சி. பட்டியலில் பரவன், வண்ணான், தண்டான் பேருக்குப் பக்கத்திலேயே 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும்' என்று வரும். ஆரல்வாய்மொழிக்காரரான வண்ணார் எஸ்.சி. கணவாய்க்கு அந்தப் பக்கம் பணகுடிக்காரர் எம்.பி.சி. அதே தொழில், அதே இழிவு. ஆக, சாதிப் பேர் மட்டும் சாவி ஆகாது. சாதியும் ஊரும் சேர்ந்தாத்தான் சாவி. பேரை மட்டும் பார்த்து எழுதினா சான்றிதழே தப்பாயிடும். (செங்கோட்டைக்குப் பக்கத்தில் சட்டம் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று எழுதிவைத்தது. 2019இல் செங்கோட்டை தென்காசி மாவட்டத்துக்குப் போனது. பேரைச் சாவியாக்கினா வர்ற வம்பு இது.)

இன்னொரு கட்டம் இருக்கு, மதம். 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் எஸ்.சி. ஆக முடியாதுன்னு சொல்லிச்சு. 1956இல் சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990இல் பௌத்தரை. கிறிஸ்தவரைச் சேர்க்கல. 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வரக் காரணமா இருந்த வேதமாணிக்கம் ஒரு சாம்பவர். அவர் வழியில் சர்ச்சுக்குப் போன சனம் இங்கே எவ்வளவு! அவங்களுக்குத் தமிழ்நாட்டு பி.சி. பட்டியலில் ஒரே ஒரு வரி: எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும். சாம்பவரா, புலையரா, பள்ளரா, அந்த வரியில் கிடையாது. பல குறியீட்டை ஒண்ணாக்குறது ஒரு நிமிஷ வேலை. பழைய பதிவை வெச்சுக்கலேன்னா திரும்பப் பிரிக்கவே முடியாது. பட்டியலில்தான் பிரிக்கத் தெரியல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல தலித் பிணத்தைப் பிரிக்கச் சுவர் கட்டத் தெரிஞ்சுது!

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்துச்சே, கேட்டு வாங்கலாமேன்னு சொல்வீங்க. கையில் இல்லாத தகவலைத் திரட்டித் தர வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லியாச்சு. சாம்பவக் கிறிஸ்தவப் பட்டதாரி எத்தனை பேருன்னு கேட்டா, 'அப்படிப் பராமரிக்கவில்லை' என்பதே சட்டப்படி சரியான பதில். கட்டத்தைப் போடாம விட்டவனுக்கு அதுவே கேடயம்.

புதுசா கட்டம் போட முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2009இல் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமாச்சு. எஸ்.சி.(ஏ) என்று விண்ணப்பத்துல தனிக் கட்டம் வந்துச்சு. போராட்டம் முதல்ல, சட்டம் பிறகு, கட்டம் கடைசில.

இப்போ 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளா வெச்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிச்சிருக்காங்க, சாதியும் கேட்பாங்களாம். 2011இல் மதம் கிறிஸ்தவம்னு சொன்னதுமே எஸ்.சி. கட்டம் மூடிக்கிச்சு. இந்தத் தடவை எழுத வர்றவங்க கையில மொபைல் இருக்கும். சாம்பவர்னும் சொல்லுங்க, கிறிஸ்தவம்னும் சொல்லுங்க. ரெண்டும் பதிவாச்சான்னு பக்கத்துல நின்னு, திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்க.